கனரக வண்டிகள் ஓடும் ஆலையில் ஆட்கள் அடிபடாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

"எங்கள் ஆலையில் ஃபோர்க்லிஃப்ட், வீல் லோடர், டிப்பர் எல்லாம் மூன்று ஷிஃப்டும் ஓடுகின்றன. அடுத்தடுத்து இரண்டு முறை ஆட்கள் மயிரிழையில் தப்பினார்கள். ஆபரேட்டர்களுக்கு மறுபடி பயிற்சி, எல்லோருக்கும் ஒளிரும் ஜாக்கெட் என்று நிர்வாகம் முடிவெடுத்திருக்கிறது. இது போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. இரண்டும் தேவைதான், ஆனால் கடைசியாகச் செய்ய வேண்டியவை. வண்டியும் ஆளும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் இருக்கும்படி உங்கள் ஆலை அமைந்திருந்தால், எவ்வளவு நல்ல ஆபரேட்டராக இருந்தாலும் என்றாவது ஒரு நாள் அடிபடத்தான் போகிறது. எட்டு மணி நேர ஷிஃப்டில் ஒரு மனிதரால் ஒரு நொடிகூடக் கவனம் சிதறாமல் இருக்க முடியாது. அதை நம்பி ஒரு ஆலையை நடத்தக் கூடாது. எனவே முதல் வேலை, வண்டியும் ஆளும் சந்திக்கும் இடங்களைக் குறைப்பது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகு.

ஆபரேட்டரின் கண்ணுக்கு எவ்வளவு தெரியாது என்பதிலிருந்து தொடங்கலாம். நம்மில் பலருக்கு ஒரு நம்பிக்கை இருக்கிறது: வண்டி எனக்குத் தெரிகிறது, அதனால் நான் அவருக்குத் தெரிவேன். இது தவறு. லோடரின் பின்பக்கம் எஞ்சின் மூடி உயர்ந்து நிற்கும். அதன் பின்னால் குனிந்து எதையோ எடுப்பவர் கண்ணாடியிலும் தெரிய மாட்டார். ஃபோர்க்லிஃப்டில் முன்பக்கம் மாஸ்ட் (சுமையைத் தூக்கும் தூண்) மறைக்கும், சுமை உயரமாக இருந்தால் முழுவதும் மறைத்துவிடும். மண் தோண்டும் எக்ஸ்கவேட்டரில் பூம் (அதன் நீண்ட கை) இருக்கும் பக்கம் ஏறக்குறைய மறைந்தே போகும். மேற்பகுதி சுழலும்போது பின்னால் இருக்கும் எதிர் எடை எங்கே போகிறது என்பதை ஆபரேட்டர் நேராகப் பார்க்கவே முடியாது. சுரங்கங்களில் ஓடும் மிகப் பெரிய டம்பர்கள் 360 டன்னுக்கு மேல் சுமக்கின்றன, டயரின் உயரமே ஏறக்குறைய 4 மீட்டர். அதன் முன்னால் ஒரு ஜீப் நின்றால்கூட கேபினிலிருந்து தெரியாது. அதனால்தான் அங்கே சிறிய வண்டிகளின் மேல் உயரமான கம்பத்தில் கொடியும் விளக்கும் கட்டி அனுப்புகிறார்கள்.

இதை உங்கள் ஆட்களுக்குப் புரிய வைக்க ஒரு வழி இருக்கிறது. வண்டியை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். ஆபரேட்டர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். இன்னொருவர் வண்டியைச் சுற்றி மெதுவாக நடக்கட்டும். உள்ளே இருப்பவர் "இப்போது தெரியவில்லை" என்று சொல்லும் ஒவ்வொரு இடத்திலும் தரையில் சுண்ணாம்புக் கோடு போடுங்கள். முழுச் சுற்று முடிந்ததும் அந்தக் கோட்டுக்குள் எவ்வளவு பெரிய இடம் இருக்கிறது என்று எல்லோரும் பார்ப்பார்கள். ஹெல்பர்கள், பராமரிப்பு ஆட்கள், அலுவலகத்தில் இருப்பவர்கள் எல்லோரையும் மாறி மாறி அந்த இருக்கையில் உட்கார வையுங்கள். வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது நன்றாக மனதில் பதியும்.

அடுத்தது வேகம். மணிக்கு 20 கி.மீ. என்றால் நமக்கு மெதுவாகத் தோன்றும். அது நொடிக்கு 5.6 மீட்டர். குறுக்கே ஒருவர் வருவதைக் கண்டு, புரிந்து, பிரேக்கில் கால் வைக்க ஒன்றரை நொடி ஆகும் என்று வையுங்கள். அதற்குள் வண்டி 8 மீட்டருக்கு மேல் போயிருக்கும், பிரேக் இன்னும் பிடிக்கவே ஆரம்பித்திருக்காது. 10 கி.மீ. வேகத்தில் அந்தத் தூரம் 4 மீட்டர் சொச்சம். வேகம் இரட்டித்தால் பிரேக் பிடித்தபின் ஓடும் தூரம் நான்கு மடங்காகும். 2.5 டன் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் சுமை இல்லாமலேயே ஏறக்குறைய 4 டன் எடை இருக்கும், ஒரு நடுத்தரக் காரைப் போல இரண்டு மூன்று மடங்கு. எனவே வேகத்தைப் பலகையில் எழுதி மாட்டுவதோடு நிற்காமல், வண்டியிலேயே வேகக் கட்டுப்பாடு பொருத்துங்கள். பெரும்பாலான புதிய ஃபோர்க்லிஃப்ட்களில் அந்த வசதி உண்டு, ஆளை வைத்து அமைத்துவிட்டால் போதும்.

இப்போது முக்கியமான விஷயம், பாதை. உங்கள் ஆலையின் வரைபடம் ஒன்றை எடுத்து, ஒரு முழு ஷிஃப்ட் ஓரிடத்தில் நின்று பார்த்து, வண்டிகள் போகும் வழியை ஒரு நிறத்திலும் ஆட்கள் நடக்கும் வழியை இன்னொரு நிறத்திலும் வரையுங்கள். விதிமுறைப் புத்தகம் சொல்லும் வழியை வரையாதீர்கள், உண்மையில் கால்கள் போகும் வழியை வரையுங்கள். கழிவறைக்கு, தண்ணீர் குழாய்க்கு, வருகை பதியும் இடத்துக்கு, ஸ்டோருக்கு ஆட்கள் எப்படிப் போகிறார்கள்? சுற்றி வர மூன்று நிமிடம், லோடர் பாதையைக் குறுக்கே கடந்தால் அரை நிமிடம் என்றால் எல்லோரும் குறுக்கேதான் போவார்கள். அவர்களைத் திட்டிப் பயனில்லை. தண்ணீர்க் குழாயை இந்தப் பக்கம் மாற்றுங்கள். வருகை பதியும் கருவியை நடைபாதை தொடங்கும் இடத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு நிறமும் வெட்டிக்கொள்ளும் புள்ளிகள்தான் உங்கள் ஆபத்துப் பட்டியல். ஒவ்வொன்றையும் எடுத்து, இதை இல்லாமலே செய்ய முடியுமா என்று முதலில் கேளுங்கள்.

முடியாத இடத்தில் தடுப்பு வையுங்கள். தரையில் அடித்த மஞ்சள் கோடு தடுப்பு ஆகாது, அது வண்டியை நிறுத்தாது. வண்டி இடித்தாலும் தாங்கக்கூடிய இரும்புக் கைப்பிடி வேலி, கதவுக்கு வெளியே நேராகப் பாதையில் இறங்கிவிடாதபடி குறுக்கே ஒரு தடுப்பு, கடக்கும் இடத்தில் இரண்டு பக்கமும் பார்வை தெரியும்படி அடுக்குகளை ஒதுக்கி வைத்த மூலை, இவைதான் வேலை செய்யும். இடப் பற்றாக்குறையால் இடத்தைப் பிரிக்க முடியாவிட்டால் நேரத்தைப் பிரிக்கலாம். ஷிஃப்ட் மாறும்போது கூட்டமாக ஆட்கள் உள்ளே வந்து வெளியே போகும் அந்தக் கால் மணி நேரம் எல்லா வண்டிகளும் சாவி எடுத்து நிற்கட்டும். இதற்குச் செலவு ஏதும் இல்லை. உற்பத்தி குறையும் என்று முதலில் எதிர்ப்பு வரும். ஆனால் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் பாதி ஆபரேட்டர்கள் எப்படியும் வண்டியில் இருக்க மாட்டார்கள்.

பின்னோக்கி ஓட்டுவது தனியாகப் பேச வேண்டியது. இந்த வண்டிகளால் நடக்கும் மோதல்களில் மிகப் பழக்கமான கதை, ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் ஆள் நின்றதுதான். பலரும் பின்னால் ஒலிக்கும் அலாரத்தையும் சிக்னல் காட்டும் ஆளையும் நம்பி அதோடு நின்றுவிடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, ரிவர்ஸ் எடுக்காமலே இந்த வேலை நடக்குமா என்பது. ஒருவழிப் பாதை, ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் ஏற்றுமிடம், லாரி வட்டமடித்துத் திரும்ப ஒரு திடல் இவை இருந்தால் ஒரு நாளைக்கு நூறு ரிவர்ஸ் என்பது பத்தாகிவிடும்.

மிஞ்சும் அந்தப் பத்துக்கு அலாரமும் கேமராவும் உதவும். "பீப் பீப்" என்று ஒரே சுருதியில் கத்தும் அலாரம் சுவர்களில் பட்டு எதிரொலிக்கும்போது எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று காது கண்டுபிடிக்கத் திணறும். "உஷ் உஷ்" என்று பல அதிர்வெண்கள் கலந்து வரும் அலாரம் திசையைச் சொல்லிவிடும், தள்ளிப் போனால் இரைச்சலும் குறையும். மாற்றும் வாய்ப்பு இருந்தால் இதற்கே மாறுங்கள். அலாரம் எதுவானாலும், ஐந்து வண்டிகள் நாள் முழுக்கக் கத்திக்கொண்டிருந்தால் ஒரு வாரத்தில் யார் காதிலும் அது ஏறாது. கேமராவின் கண்ணாடியில் தூசி படிந்திருந்தால் அது இல்லாததைவிட மோசம், தெரிகிறது என்ற தவறான தைரியம் வந்துவிடும். ஆள் அருகில் வந்தால் எச்சரிக்கும் ரேடார், ஆள் அருகில் இருப்பதை வண்டிக்குச் சொல்ல உடலில் அணியும் டேக் ஆகியவை நல்லவை. அவற்றில் வண்டியைத் தானே நிறுத்தக்கூடிய வகையைத் தேடுங்கள்.

சிக்னல் காட்ட ஒருவரை நியமித்தால், அவருக்கு வேறு எந்த வேலையும் தரக் கூடாது. கையில் போன் கூடாது. கைச்சைகைகளை இருவரும் தொடங்கும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அவர் பார்வையிலிருந்து மறைந்த அந்தக் கணமே ஆபரேட்டர் வண்டியை நிறுத்த வேண்டும், பிறகு யோசிக்கலாம். ரிவர்ஸ் வரும் வண்டிக்கு வழிகாட்டப் போய், அதே வண்டியில் அடிபட்டவர்கள் நிறையப் பேர்.

சரி, மோதல் மட்டும்தான் ஆபத்தா? இல்லை. வண்டி கவிழ்வது இன்னொரு பெரிய காரணம். அதிலும் ஃபோர்க்லிஃப்டைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது: சுமை அதிகமானால்தான் கவிழும் என்று. அதன் நிலைத்தன்மை ஒரு முக்கோணத்தில் இருக்கிறது. இரண்டு முன் சக்கரங்களும், பின் அச்சின் நடுப்புள்ளியும் அதன் மூன்று மூலைகள். மொத்த எடையின் மையம் அந்த முக்கோணத்துக்குள் இருக்கும்வரை வண்டி நிற்கும். சுமை இல்லாதபோது மையம் பின்னால் போய்விடும், அங்கே முக்கோணம் குறுகியது. ஆகவே காலி வண்டியை வேகமாகத் திருப்பினால் பக்கவாட்டில் சாயும் வாய்ப்பு கூடுதல். காலியாகப் போகும்போதுதான் எல்லோரும் விரட்டி ஓட்டுகிறார்கள் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். ஃபோர்க்கை (சுமை தாங்கும் இரட்டைக் கரத்தை) உயர்த்தியபடி திருப்புவது இன்னும் மோசம்.

சுமையின் எடையைப் போலவே அதன் நீளமும் முக்கியம். வண்டியின் சுமைத் திறன் தகட்டில், ஃபோர்க்கின் செங்குத்து முகத்திலிருந்து 500 மி.மீ. தொலைவில் 2500 கிலோ என்று எழுதியிருந்தால், நீளமான பெட்டியை ஏற்றி எடையின் மையம் 700 மி.மீ. தொலைவுக்குத் தள்ளிப் போகும்போது தூக்கக்கூடிய அளவு ஏறக்குறைய 2000 கிலோவாக இறங்கிவிடும். ஃபோர்க்குக்குப் பதில் வேறு பிடிப்பான் மாட்டினாலும் அளவு மாறும், அதற்குப் புதிய தகடு வேண்டும். சரிவில் சுமையோடு போகும்போது, ஏறினாலும் இறங்கினாலும் சுமை மேட்டுப் பக்கமே இருக்க வேண்டும். அதாவது இறங்கும்போது பின்னோக்கித்தான் இறங்க வேண்டும். சரிவில் திரும்பவே கூடாது.

வண்டி சாயத் தொடங்கினால் வெளியே குதிக்கத் தோன்றும், உடம்பு தானாகவே அப்படித்தான் செய்யும். உட்கார்ந்து ஓட்டும் ஃபோர்க்லிஃப்டில் குதித்தவரின் மேல்தான் மேற்கூரைக் கம்பி வந்து விழும். பெல்ட் போட்டிருக்க வேண்டும், ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து, காலை ஊன்றி, சாயும் திசைக்கு எதிர்ப்பக்கம் உடலைச் சாய்க்க வேண்டும். பின்பக்கம் திறந்த, நின்று ஓட்டும் வகையில் மட்டும் பின்னால் இறங்கி விலகிவிடலாம். இந்த வேறுபாட்டை ஆபரேட்டர்கள் வாயால் சொல்லும் வரை கேளுங்கள். கவிழ்வதிலிருந்து காக்கும் கூண்டு எவ்வளவு பயன் தருகிறது என்பதற்கு விவசாய டிராக்டர்களே சாட்சி. ஸ்வீடன் 1959-லேயே புதிய டிராக்டர்களில் அதைக் கட்டாயமாக்கியது, அதன் பின் அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்தார்கள். ஆனால் பெல்ட் போடாதவரை அந்தக் கூண்டு காப்பாற்றாது, அதுவே அவரை நசுக்கவும் கூடும்.

திறந்தவெளியில் டம்பர், டிப்பர் ஓடும் இடத்தில் விளிம்புகளைக் கவனியுங்கள். பள்ளத்தின் ஓரம் போகும் பாதையில் மண் வரப்பு வேண்டும். அந்தப் பாதையில் ஓடும் மிகப் பெரிய வண்டியின் அச்சு உயரத்துக்காவது வரப்பு இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சுரங்கங்களில் உள்ள விதி, அது ஆலைக்கும் நல்ல அளவுகோல். கொட்டும் இடத்தில் விளிம்பு வரை வண்டியைக் கொண்டுபோகாமல், முன்பே கொட்டி டோசரால் தள்ளுவது பாதுகாப்பு. குவியலின் அடியில் ஃபீடர் (பொருளைக் கீழிருந்து எடுத்து அனுப்பும் கருவி) பொருளை இழுத்துக்கொண்டிருந்தால், மேல்பரப்பு உறுதியாகத் தெரிந்தாலும் உள்ளே குகைபோல் வெற்றிடம் இருக்கலாம். அதன் மேல் டோசர் ஏறினால் விழுங்கிவிடும். ஃபீடர் ஓடும்போது அந்தப் பகுதிக்கு யாரும் போகக் கூடாது.

மேலே மின்கம்பி இருந்தால் பாதையையே மாற்றுங்கள், அல்லது இருபக்கமும் உயரக் கட்டுப்பாட்டுக் கம்பம் நடுங்கள். பூம் அல்லது உயர்த்திய டிப்பர் கம்பியில் பட்டுவிட்டால் ஆபரேட்டர் கேபினிலேயே இருக்க வேண்டும், வெளியில் இருப்பவர்கள் நெருங்கக் கூடாது. மின்சாரம் துண்டிக்கப்பட்டது உறுதியாகும் வரை இதுதான். தீப்பற்றினால் மட்டும் வெளியே வரலாம். அப்போதும் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலும் சேர்ந்து தரையில் படும்படி குதித்து, பாதங்களை ஒட்டியபடியே தேய்த்து நகர வேண்டும். நீளமாக அடி வைத்தால் இரு பாதங்களுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு வந்து ஆளைக் கொல்லும்.

பராமரிப்பு என்னை மிகவும் உறுத்தும் பகுதி, ஏனென்றால் வண்டி நிற்கிறது என்ற நினைப்பில் யாரும் பயப்படுவதில்லை. உயர்த்திய பக்கெட்டின் கீழ், தூக்கிய டிப்பர் படுக்கையின் கீழ் ஹைட்ராலிக்கை மட்டும் நம்பி நுழைவது தற்கொலைக்குச் சமம். ஒரு ஹோஸ் வெடித்தால் கண் சிமிட்டும் நேரத்தில் இறங்கிவிடும். பக்கெட்டைத் தரையில் இறக்குங்கள், முடியாவிட்டால் உற்பத்தியாளர் தந்த முட்டுத் தண்டை வையுங்கள். நடுவில் மடியும் லோடர்களில் அந்த மடிப்புக்குள் ஆள் போகும் முன் பூட்டுத் தண்டு போட வேண்டும். வேலை செய்யும் ஒவ்வொருவரும் வண்டியை யாரும் இயக்க முடியாதபடி தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்திருக்க வேண்டும். "நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று இன்னொருவரின் சாவியை யாரும் வாங்கக் கூடாது. ஹைட்ராலிக் கசிவைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். ஊசித் துளை வழியாக வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் பெரிதாக இருக்காது. ஆனால் அது உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயம், காலையில் பார்க்கலாம் என்று விட்டால் விரலோ கையோ போய்விடலாம். அட்டைத் துண்டை நீட்டித்தான் கசிவைத் தேட வேண்டும்.

டயர் விஷயமும் அப்படித்தான். பல துண்டு ரிம் உள்ள டயரில் காற்றடிக்கும்போது கூண்டுக்குள் வைத்து, நீளமான ஹோஸும் பூட்டிக்கொள்ளும் நாசிலும் வைத்து, பக்கவாட்டில் விலகி நின்று அடிக்க வேண்டும். டயர் மாட்டியிருக்கும் ரிம்மில் வெல்டிங் வைக்கவே கூடாது. உள்ளே ரப்பர் சூடாகி, வாயு சேர்ந்து, மணிக்கணக்கில் கழித்துக்கூட வெடிக்கும். மின்னல் தாக்கிய அல்லது மின்கம்பியில் பட்ட வண்டியையும் இதே காரணத்துக்காக ஒரு நாள் முழுக்க யாரும் நெருங்காமல் ஒதுக்கி வைக்கிறார்கள்.

வெளியிலிருந்து வரும் லாரி டிரைவர்களை மறந்துவிடாதீர்கள். அவர்களுக்கு உங்கள் விதி தெரியாது, மொழிகூடத் தெரியாமல் இருக்கலாம். ஃபோர்க்லிஃப்ட் லாரிக்குள் இருக்கும்போதே "ஏற்றியாயிற்று" என்று நினைத்து டிரைவர் வண்டியை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. லாரி வந்து நின்றதும் சாவி ஏற்றுமிடத்துப் பெட்டிக்குப் போக வேண்டும், சக்கரத்துக்குக் கட்டை வைக்க வேண்டும், ஏற்றி முடித்தவர் கையால்தான் சாவி திரும்பப் போக வேண்டும். இழுக்கும் லாரியைக் கழற்றிய டிரெய்லருக்குள் ஃபோர்க்லிஃப்ட் நுழைந்தால் அது முன்பக்கம் குப்புற விழலாம், முன்னால் தாங்கி வையுங்கள். டிரைவர்கள் காத்திருக்க ஓர் அறை கொடுங்கள், இல்லாவிட்டால் லாரியைச் சுற்றித்தான் நிற்பார்கள்.

ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் விடக் கூடாது. 1997-ல் வெளிவந்த ஓர் ஆய்வில், 17 மணி நேரம் தூங்காமல் விழித்திருப்பவரின் செயல்திறன் இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்திருந்தது. குடித்தவரை லோடரில் ஏற்ற மாட்டோம், ஆனால் இரட்டை ஷிஃப்ட் பார்த்தவரை ஏற்றிவிடுகிறோம். விடியற்காலை இரண்டிலிருந்து ஆறு மணி வரை எல்லோருக்கும் தூக்கம் அமுக்கும் நேரம், சிக்கலான வேலைகளை அப்போது வைக்காதீர்கள். அப்புறம், டிரிப் கணக்கில் காசு கொடுத்துக்கொண்டே மெதுவாக ஓட்டு என்று சொல்வது நியாயமே இல்லை. எத்தனை டிரிப் என்பதில் சம்பளம் தொங்கினால் வேகம் அதன் பின்னாலேயே வரும்.

தினமும் காலையில் பிரேக், ஸ்டீயரிங், ஹாரன், விளக்கு, டயர், கசிவு, பெல்ட் பார்க்கும் தாள் உங்களிடம் இருக்கும். அதில் "பிரேக் சரியில்லை" என்று ஆபரேட்டர் எழுதினால் அன்று அந்த வண்டி நிற்கிறதா என்று பாருங்கள். நிற்காவிட்டால் இரண்டாம் வாரத்திலிருந்து எல்லாக் கட்டத்திலும் சரி என்றுதான் டிக் விழும். வண்டியை நிறுத்தும் அதிகாரம் ஆபரேட்டருக்கு இருக்க வேண்டும், நிறுத்தியதற்காக அவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

உங்களிடம் நடந்த அந்த இரண்டு தப்பித்தல்களை இப்போதே எடுத்துக்கொள்ளுங்கள். யார் தவறு என்று விசாரிக்காதீர்கள். அந்த இடத்தில் ஏன் ஆள் இருந்தார், அந்த நேரத்தில் ஏன் வண்டி வந்தது, ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் எது மறைத்தது என்ற மூன்றை மட்டும் சம்பந்தப்பட்டவர்களையே அழைத்துச் சென்று அதே இடத்தில் நின்று கேளுங்கள். தண்டனை வராது என்று தெரிந்தால் சொல்வார்கள், இதுவரை சொல்லாத மற்றவற்றையும் சொல்வார்கள். அந்தப் பதில்களை வைத்து முதல் மாதத்தில் இரண்டு தடுப்பு வேலியும், ஷிஃப்ட் மாறும் நேர நிறுத்தமும், வேகக் கட்டுப்பாடும் வந்துவிட்டால் பயிற்சியையும் ஜாக்கெட்டையும் அதன் மேல் சேர்த்துக்கொள்ளலாம். பட்ஜெட் கேட்கும்போது சுண்ணாம்புக் கோட்டுப் புகைப்படத்தையும் இரண்டு நிறப் பாதை வரைபடத்தையும் நிர்வாகத்தின் முன் வையுங்கள். முடிந்தால் மேலாளரையும் ஒரு முறை லோடர் இருக்கையில் உட்கார வைத்துவிட்டு, பிறகு கேளுங்கள்.